பிடித்த நிறமும் ஆளின் சுபாவமும்: ஆய்வுகள் காட்டுவது என்ன?

நீலம் பிடித்தவர் அமைதியானவர், நம்பலாம். சிவப்பு பிடித்தவர் துணிச்சல்காரர், சட்டென்று கோபம் வரும். மஞ்சள் என்றால் கலகலப்பு, பச்சை என்றால் நிதானம். கறுப்பு என்று சொல்லிவிட்டால் போதும், மனசுக்குள் எதையோ பூட்டி வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். இந்த மாதிரி வரிகளை வார இதழ்களிலும் கைப்பேசியிலும் எத்தனையோ முறை கடந்து வந்திருப்போம். படித்து முடித்ததும் "அட, எனக்கு அப்படியே பொருந்துதே" என்று தோன்றியிருக்கும். நண்பர்களுக்கு அனுப்பி அவர்கள் பதிலையும் கேட்டிருப்போம். விளையாட்டாக இருக்கும்வரை இதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இதை வைத்து ஒரு பிள்ளையின் மனநிலையைக் கணிப்பதும், வேலைக்கு வந்தவரை எடைபோடுவதும் வேறு விஷயம். அங்கே ஒருவரைத் தவறாகப் புரிந்துகொள்ளும் அபாயம் இருக்கிறது. அதனால்தான் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பிடித்த நிறத்தை வைத்து ஒருவருடைய சுபாவத்தைச் சொல்ல முடியுமா என்பது ஒன்று. அவருடைய மனம் எதற்காக ஏங்குகிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதை நிறம் காட்டிக்கொடுக்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆய்வுகள் தரும் பதில் ஏறக்குறைய "முடியாது" என்பதே. இரண்டாவது அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் நிறங்கள் உண்மையிலேயே பேசத் தொடங்குகின்றன.

எட்டு அட்டைகள்

நிறத்தையும் குணத்தையும் முடிச்சுப் போடுவது பழைய பழக்கம். கிரேக்க மருத்துவம் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு திரவங்களை வைத்து மனிதர்களைப் பிரித்தது. மஞ்சள் பித்தம் கூடினால் முன்கோபி, கரும்பித்தம் கூடினால் சோகம் அப்பிய ஆள். ஜெர்மானியக் கவிஞர் கதே 1810-ல் நிறங்களைப் பற்றி எழுதியபோது அவற்றை இரண்டு அணிகளாக வைத்தார். மஞ்சளைச் சேர்ந்தவை மனதைத் துள்ளச் செய்யும். நீலத்தைச் சேர்ந்தவை ஏக்கத்தையும் நிலைகொள்ளாமையையும் கிளப்பும் என்றார். 1921-ல் சுவிஸ் மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் தன் பத்து மைக்கறை அட்டைகளை வெளியிட்டார். பாதி அட்டைகளில் நிறமும் உண்டு. கறையின் வடிவத்தைவிட நிறத்துக்கே ஒருவர் அதிகம் பதில் சொன்னால், அவர் உணர்ச்சிகளால் இழுபடுகிறவர் என்பது ரோர்ஷாக்கின் வாசிப்பு.

இன்று நாம் பார்க்கும் நிறப் பலன்களுக்கு நேர் மூதாதை இன்னொரு சுவிஸ்காரர், மாக்ஸ் லூஷர். 1947-ல் அவர் முன்வைத்த நிறச் சோதனை, 1969-ல் ஆங்கிலத்தில் வந்த பிறகு உலகம் சுற்றியது. அதன் சுருக்க வடிவம் இப்படி நடக்கும். கருநீலம், நீலப்பச்சை, ஆரஞ்சு கலந்த சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள், ஊதா, பழுப்பு, கறுப்பு, சாம்பல் என எட்டு அட்டைகளை உங்கள் முன் பரப்புவார்கள். சட்டையையோ சுவரையோ நினைக்காமல், வெறும் நிறமாகப் பார்த்து, எது அதிகம் பிடிக்கிறதோ அதை எடுக்க வேண்டும். எடுத்ததை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பிடித்ததை எடுக்க வேண்டும். எட்டும் தீரும்வரை இதே வேலை. சில நிமிடங்கள் கழித்து, முதல் வரிசையை நினைவுபடுத்தாமல் மறுபடி ஒருமுறை.

வரிசை கிடைத்ததும் பலன் தொடங்கும். முதல் இரண்டு நிறங்கள் நீங்கள் நாடுவதைச் சொல்லும். அடுத்த இரண்டு இப்போது இருக்கும் நிலையை. அதற்கடுத்த இரண்டு பொருட்படுத்தாமல் விட்டவற்றை. கடைசி இரண்டு, ஒதுக்கித் தள்ளியதையோ அடக்கி வைத்திருப்பதையோ. கருநீலம் என்றால் ஓய்வும் நிறைவும் பாசமும் வேண்டும் என்ற தேவை. பச்சை என்றால் தன்னை நிலைநாட்டிக்கொள்ளும் தேவை. சிவப்பு செயலாற்றும் வேட்கை, மஞ்சள் எதிர்பார்ப்பு. இந்த நான்கில் ஒன்று வரிசையின் கடைசியில் போய் விழுந்தால், அந்தத் தேவை நிறைவேறாமல் கிடக்கிறது, அதனால் உள்ளே பதற்றம் இருக்கிறது என்று லூஷர் வாசித்தார். கறுப்பையோ சாம்பலையோ முதலில் எடுத்தால், அந்தக் குறையை எதைக்கொண்டோ ஈடுகட்ட முயல்கிறீர்கள் என்று பொருள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. "உணர்வுத் தேவை" என்ற பேச்சு நிறத்தோடு ஒட்டிக்கொண்டதில் இந்தச் சோதனைக்குப் பெரும்பங்கு உண்டு. சோதனைக்கு உட்படும் ஆள் பொய் சொல்லவும் முடியாது, ஏனென்றால் எந்த நிறத்துக்கு என்ன பலன் என்று அவருக்குத் தெரியாது. அதுதான் இதன் பெரிய கவர்ச்சி.

சிக்கல், சரிபார்க்கப் போனபோது வந்தது. மனநல மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் மினசோட்டா ஆளுமைக் கேள்வித்தாளின் முடிவுகளோடு லூஷரின் முடிவுகளை 1984-ல் ஓர் ஆய்வுக் குழு ஒப்பிட்டது. ஒரே ஆளைப் பற்றி இரண்டு கருவிகளும் ஏறக்குறைய ஒரே சேதியைச் சொல்ல வேண்டும் அல்லவா? எதிர்பார்த்த பொருத்தம் வரவில்லை. 2021-ல் டொமிசெலே யோனாஸ்கைட்டேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் நேராகவே கேட்டார்கள்: பிடித்த நிறத்துக்கும், ஆளுமையை அளக்க உளவியலில் இன்று பயன்படும் ஆறு பண்புகளுக்கும் தொடர்பு உண்டா? கட்டுரையின் தலைப்பிலேயே கேள்வியை வைத்து, "பெரிதாக ஒன்றுமில்லை" என்ற பதிலையும் அங்கேயே எழுதிவிட்டார்கள்.

எல்லாருக்கும் நீலம்

ஆளுமையைக் கணிக்க நிறம் ஏன் உதவாது என்பதற்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், வந்து போனவர்களிடம் பிடித்த நிறத்தைக் கேட்டுப் பதிவுசெய்தார் உளவியலாளர் ஜோசப் ஜாஸ்ட்ரோ. ஏறக்குறைய 4,500 பேர் பதில் சொன்னார்கள். முதலிடம் நீலத்துக்கு. 1941-ல் ஹான்ஸ் ஐசென்க் அதுவரை வெளிவந்திருந்த பல ஆய்வுகளைத் திரட்டி, 21,060 பேரின் தேர்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, ஆரஞ்சு, மஞ்சள் என்று வரிசை வந்தது. அதன் பிறகும் பல நாடுகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் நீலமே முன்னால் நிற்கிறது.

கூட்டத்தில் பலரும் ஒரே நிறத்தைச் சொன்னால், அந்த நிறம் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. முன்கோபிக்கும் நீலம், பொறுமைசாலிக்கும் நீலம், கூச்சக்காரருக்கும் மேடைப் பேச்சாளருக்கும் நீலம். நீலம் பிடித்தவர் அமைதியானவர் என்ற வரி இவர்களில் பாதிப் பேருக்காவது பொருந்தத்தான் செய்யும். பொருந்தாதவர்களும் "உள்ளுக்குள் நான் அமைதியான ஆள்தானே" என்று தலையாட்டுவார்கள்.

அப்படித் தலையாட்டுவதை அளந்தே பார்த்தார் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர். 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை ஒன்றைக் கொடுத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் போட்ட முடிவைத் தந்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. உண்மையில் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்தான். மற்றவர்கள் தன்னை விரும்ப வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டு, வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே தயக்கம் உண்டு என்கிற மாதிரியான வரிகளைக் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்திருந்தார். நிறப் பலன்கள் நமக்குப் பொருந்துவதாகத் தோன்றுவதும் இதே வழியில்தான். பாராட்டு ஒன்று, சின்னக் குறை ஒன்று, யாருக்கும் இருக்கக்கூடிய ஏக்கம் ஒன்று என்று கலந்து எழுதினால், படிப்பவர் தன் வாழ்க்கையிலிருந்து உதாரணத்தை எடுத்து இடைவெளியை நிரப்பிக்கொள்வார்.

பொருள்கள் விட்டுச்சென்ற தடம்

அப்படியானால் நமக்கு ஒரு நிறம் ஏன்தான் பிடிக்கிறது? இதற்குக் கிடைத்த பதில்களில் எனக்கு அதிகம் நியாயமாகப் படுவது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பால்மரும் கேரன் ஷ்லாஸும் 2010-ல் வெளியிட்டது. ஒரு நிறத்தின் மேல் நமக்குள்ள விருப்பம், அந்த நிறத்தில் நாம் சந்தித்த பொருள்கள் மேல் உள்ள விருப்பத்தின் தொகுப்பு என்றார்கள். தெளிந்த வானம் பிடிக்கும், சுத்தமான தண்ணீர் பிடிக்கும், நீலம் பிடிக்கும். அழுகிய உணவும் மலமும் வாந்தியும் அருவருப்பு. மங்கிய மஞ்சளும் பழுப்பு கலந்த பச்சையும் பிடிக்காது.

சொல்வது எளிது, நிரூபிப்பது கடினம். அவர்கள் அதைச் செய்த விதத்தைப் பார்க்க வேண்டும். 32 நிறங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் ஒவ்வொரு நிறமும் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள். இரண்டாவது குழுவிடம் அதே நிறங்களைக் காட்டி, பார்த்ததும் மனதில் தோன்றும் பொருள்களை எழுதச் சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்கு நிறத்தையே காட்டவில்லை. எழுதிய பொருள்களின் பெயர்களை மட்டும் கொடுத்து, எவ்வளவு பிடிக்கும் அல்லது பிடிக்காது என்று மதிப்பிடச் சொன்னார்கள். அந்தப் பொருளுக்கும் அந்த நிறத்துக்கும் எவ்வளவு பொருத்தம் என்று நான்காவது குழு சொன்னது. ஒரு குழுவுக்கு இன்னொரு குழுவைத் தெரியாது. பிறகு பொருள்களின் மதிப்பைக் கூட்டிச் சராசரி எடுத்து, முதல் குழுவின் நிற விருப்பத்தோடு ஒப்பிட்டார்கள். எந்த நிறம் எவ்வளவு பிடிக்கிறது என்பதில் உள்ள ஏற்ற இறக்கத்தில் 80 சதவீதத்தைப் பொருள்களின் மதிப்பே விளக்கிவிட்டது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். நிறம் பிடித்ததால் பொருள் பிடித்திருக்கலாமே, அது ஏன் தலைகீழாக இருக்கக்கூடாது? அதையும் சோதித்தார்கள். 2013-ல் வெளியான ஆய்வில், சிலருக்குப் பழுத்த ஸ்ட்ராபெர்ரி, தக்காளி போன்ற இனிய சிவப்புப் பொருள்களின் படங்களைக் காட்டினார்கள். வேறு சிலருக்கு ரத்தக் காயங்களின் படங்கள். முன்பும் பின்பும் நிற விருப்பத்தை அளந்தபோது, முதல் கூட்டத்துக்குச் சிவப்பின் மேல் விருப்பம் கூடியிருந்தது. மாற்றம் சிறியதுதான், ஆனால் திசை தெளிவாக இருந்தது.

பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பெர்க்லியின் நிறங்கள் நீலமும் பொன்மஞ்சளும். அதன் பரம எதிரியான ஸ்டான்ஃபோர்டின் நிறங்கள் சிவப்பும் வெள்ளையும். மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழக நிறங்களை எதிராளியைவிட அதிகம் விரும்பினார்கள். தன் பல்கலைக்கழகத்தின் மேல் எவ்வளவு பற்று என்று கேட்டபோது, பற்று கூடக் கூட நிற விருப்பமும் கூடியிருந்தது. எந்த வளாகத்தில் சேர்வது என்று நிறத்தைப் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைத்த நட்பும் வெற்றியும் தோல்வியும் நிறத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் செய்த ஆய்வில், பருவத்துக்கு ஏற்பவும் விருப்பம் நகர்வதைக் கண்டார்கள். இலைகள் சிவந்து உதிரும் காலத்தில் அடர் சிவப்பு, ஆரஞ்சு போன்ற இலை நிறங்கள் மற்ற மாதங்களைவிட அதிகம் பிடித்திருந்தன.

இதைத் தனி மனிதர் மேல் பொருத்திப் பாருங்கள். சின்ன வயதில் பல மாதங்கள் மருத்துவமனையில் படுத்திருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். கண்ணைத் திறந்தால் வெளிர்பச்சைச் சுவர், வெளிர்பச்சைத் திரை, ஊசியோடு வரும் தாதியின் வெளிர்பச்சை உடுப்பு. அதே வயதில் இன்னொருவருக்கு அதே வெளிர்பச்சை, தன்னை மடியில் போட்டுக் கதை சொன்ன பாட்டியின் பழைய போர்வை. முப்பது வருடம் கழித்து முதலாமவர் அந்த நிறத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், இரண்டாமவர் அதே நிறத்தில் படுக்கை விரிப்பைத் தேடி வாங்குகிறார். பச்சை பிடித்தவர் நிதானமானவர் என்ற வரிக்கு இங்கே என்ன வேலை? இருவருடைய சுபாவமும் ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் அவர்கள் கடந்து வந்த அறைகளில் இருக்கிறது. தன் விருப்பத்துக்கான காரணமே அவர்களுக்கு மறந்துபோயிருக்கவும் கூடும்.

தனி ஒருவருடைய விஷயத்தில் இந்தக் கணக்கு, கூட்டத்தின் சராசரியில் வருவது போல அவ்வளவு சுத்தமாக வருவதில்லை. ஒவ்வொருவரிடமும் அவருடைய பொருள் பட்டியலைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. என் கண்ணில் அது குறையே இல்லை. ஒருவரைத் தெரிந்துகொள்ள அவரிடமே கேட்க வேண்டும், பொதுவான அட்டவணை போதாது என்பதைத்தானே அது காட்டுகிறது?

பிறப்பிலா, பழக்கத்திலா

எல்லாமே அனுபவம்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. 2013-ல் சில மாதக் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், பெரியவர்கள் வெறுக்கும் மங்கிய மஞ்சளைக் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. பெரியவர்களுக்குப் பிடித்த வெளிர்நீலத்தைக் கொஞ்ச நேரமே பார்த்தன. அருவருப்பு என்றால் என்னவென்று குழந்தைக்கு இன்னும் தெரியாது. அழுகியதும் நாறுவதும் அதன் அனுபவத்தில் சேரவில்லை. ஆனால் அழுத்தமான, பளிச்சென்ற நிறங்களை மட்டும் வைத்துப் பின்னர் பார்த்தபோது, குழந்தைகளின் பார்வையும் பெரியவர்களின் விருப்பமும் ஓரளவு ஒத்துப்போயின. கண்ணின் அமைப்பிலேயே ஏதோ ஓர் அடித்தளம் இருக்கிறது, அதன் மேல் வாழ்க்கை எழுதுகிறது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

நீலமே எங்கும் ராஜா என்பதும் முழு உண்மையில்லை. நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் ஆய்வு செய்தபோது நீலத்துக்கு அந்த உச்சம் இல்லை. நிறம் எது என்பதைவிட, அது எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதே அவர்களுடைய விருப்பத்தைத் தீர்மானித்தது. பால்மரின் பொருள் கணக்கும் அங்கே எடுபடவில்லை. சந்தைப் பொருள்களும் விளம்பரங்களும் நிறத்தைத் தனியாகப் பிரித்து விற்காத வாழ்க்கையில், "உனக்குப் பிடித்த நிறம் எது" என்ற கேள்விக்கே வேறு எடை இருக்கும் என்பது என் ஊகம்.

பெண் குழந்தைகளுக்கு இளஞ்சிவப்பு என்பதும் இப்படித்தான். ஒரு வயதுக் குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. இரண்டரை வயதை ஒட்டிப் பெண் குழந்தைகள் இளஞ்சிவப்பை நாடத் தொடங்குகிறார்கள், ஆண் குழந்தைகள் அதைத் தவிர்க்கத் தொடங்குகிறார்கள். தான் பெண், தான் ஆண் என்று பிள்ளைகள் புரிந்துகொள்ளும் வயதும் அதுதான். பெருவில் ஒரு கிராமத்திலும், வனுவாட்டு தீவுகளிலும், காங்கோவின் காட்டு மக்களிடமும் கேட்டுப் பார்த்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த இளஞ்சிவப்பு மோகம் தென்படவில்லை. அதே ஆய்வில் ஆஸ்திரேலிய நகரக் குழந்தைகளிடம் இருந்தது. மூன்று வயதுப் பெண் இளஞ்சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், "நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்" என்ற அங்கீகாரத்தை அவள் தேடுகிறாள் என்றே எடுத்துக்கொள்கிறேன். உணர்வுத் தேவை என்று ஒன்று நிறத்தில் தெரிகிறது என்றால் அது இதுதான்.

பிடித்தது வேறு, இப்போதைய மனம் வேறு

நிறங்கள் உணர்ச்சிகளோடு தொடர்பு கொண்டவை என்பதில் சந்தேகமில்லை. 2020-ல் 30 நாடுகளைச் சேர்ந்த 4,598 பேரிடம் நடத்திய ஆய்வில், 12 நிறப் பெயர்களைக் கொடுத்து 20 உணர்ச்சிகளோடு இணைக்கச் சொன்னார்கள். நாடுகளுக்கிடையே ஆச்சரியப்படும் அளவுக்கு ஒற்றுமை இருந்தது. சிவப்பு காதலையும் கோபத்தையும் சேர்ந்து இழுத்தது, கறுப்பு சோகத்தை. வித்தியாசங்களும் உண்டு. சீனாவில் வெள்ளையைச் சோகத்தோடு இணைப்பது மற்ற நாடுகளைவிட அதிகம். மஞ்சளையும் மகிழ்ச்சியையும் இணைப்பதில் வானிலைக்குப் பங்கு இருக்கிறது: 55 நாடுகளை ஒப்பிட்ட 2019 ஆய்வில் ஃபின்லாந்தில் 87.7 சதவீதம் பேர் மஞ்சளை மகிழ்ச்சி என்றார்கள், எகிப்தில் 5.7 சதவீதம் பேர்தான். குளிரும் மழையும் உள்ள நாட்டில் வெயில் விருந்தாளி. சுட்டெரிக்கும் நாட்டில் அப்படியில்லை.

ஆனால் ஒரு நிறத்தை ஓர் உணர்ச்சியோடு இணைப்பதும், அந்த நிறத்தை விரும்புவதும் ஒன்றில்லை. கறுப்பு என்றால் துக்கம் என்று சொல்பவரின் அலமாரி முழுக்கக் கறுப்பு உடைகள் இருக்கலாம். நிறப் பலன்கள் வழுக்கி விழும் இடம் இது. "கறுப்பு சோகத்தின் நிறம்" என்பதிலிருந்து "கறுப்பு பிடித்தவர் சோகமானவர்" என்று ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது மான்செஸ்டரில் ஹெலன் கரதர்ஸும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய நிறச் சக்கரம். 2010-ல் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரே சக்கரத்தைக் காட்டி மூன்று கேள்விகள்: பிடித்த நிறம் எது? எந்த நிறம் உங்களை ஈர்க்கிறது? சில மாதங்களாக உங்கள் மனம் எந்த நிறத்தில் இருக்கிறது? நலமாக உள்ளவர்கள், பதற்ற நோய் உள்ளவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள் என மூன்று தரப்பினரிடமும் கேட்டார்கள். பிடித்த நிறம் எது என்றால் மூன்று தரப்புக்கும் நீலம். அந்தப் பதிலை வைத்து நோயுற்றவரையும் நலமானவரையும் பிரிக்கவே முடியாது. மனதின் நிறம் எது என்று கேட்டதும் பாதை பிரிந்தது. நலமாக இருந்தவர்கள் மஞ்சளைக் காட்டினார்கள். மனச்சோர்விலும் பதற்றத்திலும் இருந்தவர்கள் சாம்பல் நிறத்துக்குப் போனார்கள். பேசச் சிரமப்படும் நோயாளிகளிடமும் சிறு பிள்ளைகளிடமும் இந்த மூன்றாவது கேள்வி பயன்படும் என்பதே அந்த ஆய்வாளர்களின் எண்ணம்.

சாம்பல் என்பது வெறும் உவமையாக இல்லாமலும் போகலாம். அதே 2010-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள், மனச்சோர்வு நோயாளிகளின் விழித்திரை ஒளி-இருள் வேறுபாட்டுக்குத் தரும் மின்துடிப்பை அளந்தார்கள். அது பலவீனமாக இருந்தது. சோர்வு கடுமையாக இருந்தவர்களிடம் இன்னும் பலவீனம். உலகமே மங்கிப்போச்சு என்று அவர்கள் சொல்லும்போது கண்ணும் அதையே அனுபவிக்கிறது போலும். இந்தத் துறையில் நிதானமும் வேண்டும். சோகமாக இருப்பவர்களுக்கு நீல-மஞ்சள் வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை என்று 2015-ல் ஒரு கட்டுரை வந்து ஊரெல்லாம் பேசப்பட்டது. கணக்கிட்ட முறையில் ஓட்டை இருப்பது தெரிந்ததும், எழுதியவர்களே அதே ஆண்டு அதைத் திரும்பப் பெற்றார்கள்.

நிறத்தைக் கொண்டு மனதின் தேவையைத் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான். 1979-ல் அமெரிக்கக் கடற்படைச் சிறை ஒன்றின் அறைக்கு ஒருவகை இளஞ்சிவப்பு பூசினார்கள். கைதிகளின் ஆக்ரோஷம் அடங்குகிறது என்ற சேதி பரவி, வேறு சிறைகளும் பின்பற்றின. முறையாகக் கட்டுப்படுத்திய சோதனை ஒன்றைச் சுவிட்சர்லாந்துச் சிறையில் நடத்தி 2015-ல் வெளியிட்டபோது, இளஞ்சிவப்பு அறைக்கும் வெள்ளை அறைக்கும் வித்தியாசம் இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பிடித்த நிறம் என்று வாயால் சொல்வதும் கையால் வாங்குவதும் பல நேரம் பொருந்துவதில்லை. நீலம் பிடித்தவர் நீலச் சோபா வாங்குவதில்லை. பெரிய பரப்பு என்றால் அடங்கிய நிறம், சின்னப் பொருள் என்றால் பளிச்சென்ற நிறம் என்று கை தானே மாறிக்கொள்கிறது.

பெற்றோர் அதிகம் கவலைப்படுவது பிள்ளைகளின் ஓவியத்தைப் பார்த்துத்தான். "எப்போதும் கறுப்பையே தீட்டுகிறான், மனசில் ஏதாவது இருக்குமோ?" 2003-ல் நான்கு முதல் பதினோரு வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். நல்ல ஆள், கெட்ட ஆள், சாதாரண ஆள் என்று சொல்லி உருவங்களுக்கு நிறம் தீட்டச் சொன்னார்கள். இன்னொரு அமர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த நிறம் எவ்வளவு பிடிக்கும் என்ற வரிசையையும் வாங்கினார்கள். நல்ல ஆளுக்குப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த நிறத்தைத் தீட்டினார்கள், கெட்ட ஆளுக்குப் பிடிக்காத நிறத்தை. பொதுவாகக் கெட்ட ஆளுக்குக் கறுப்பு அதிகம் வந்தது. ஆனால் கறுப்பே பிடித்த பிள்ளை ஒருவன் அம்மாவைக் கறுப்பில் தீட்டினால், அது அவன் வைத்திருப்பதிலேயே நல்ல நிறம். அவனுடைய வரிசை தெரியாமல் அந்தப் படத்தை யாரும் வாசிக்க முடியாது. தெரிந்துகொள்ள அட்டையோ சக்கரமோ வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, இது யார், ஏன் இந்த நிறம் என்று கேட்டால் அவனே சொல்லிவிடுவான்.